அனைத்துச் சுவர்களும்

ஜனவரி 9

அக்கா,

ஃபோன்ல பேசினா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பாதியில வெச்சுடறோம். போன தடவை நான் வெச்சேன், அதுக்கு முந்தின தடவை நீ. காகிதத்துல அந்த வசதி கிடையாது. அதனாலதான் எழுதறேன். முழுசாப் படி.

எங்க பல்கலைக்கழகத்து ஆய்வு மையத்துக்கு இன்னும் மூணு வருஷம் நிதி கொடுக்கறதா, இழுத்து மூடறதான்னு முடிவு பண்ற கோப்பு உங்க அமைச்சகத்துக்கு வருது, அதுவும் உன் மேஜைக்கே வருது. நீ என்ன பண்ணின? "இம்மையத்தின் தலைவர் என் உடன்பிறந்த தம்பி. ஆகவே இக்கோப்பை நான் கையாள்வது முறையல்ல"ன்னு எழுதி எதிர் சீட்டுக்குத் தள்ளிட்ட. தள்ளினது யார்கிட்ட? பாசி, பூஞ்சைன்னு சொன்னாலே மூக்கைப் பொத்திக்கிற மனுஷன்கிட்ட. நான் உன் தம்பின்னு நீ எழுத்துல ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் கை கழுவறதுக்கு!

உங்க இணையதளத்துல 'இந்த ஆண்டின் வளர்ச்சி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. எங்க சுவர்ல படர்ந்திருக்கிற லைக்கன் வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். 0.4ன்னு போட்டா அந்தக் கட்டம் அதை 0 ஆக்கிடுது. உதவிக்குன்னு கொடுத்திருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டேன். "முழு எண்ணாப் போடுங்க சார்"னு ஒரு பொண்ணு சொல்லுது. முழு எண் ஆகணும்னா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்மான்னேன். "அப்போ ரெண்டு வருஷம் கழிச்சுப் போடுங்க சார்"னு வெச்சுடுச்சு. இருபத்தோரு வருஷமா ஒரே சுவரை அளந்தவன் அமைச்சகக் கணக்குப்படி ஒரு துரும்பைக் கூடக் கிள்ளிப் போடலை.

நீ இன்னும் அதைப் பாசின்னுதான் சொல்லுவ. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து கூட்டுக்குடித்தனம் நடத்தற உயிர் அது. காத்து கெட்டுப்போனா முதல்ல அதுக்குத்தான் தெரியும். இந்த ஊர்க் காத்து எந்த வருஷம் கெட்டுச்சு, எந்த வருஷம் கொஞ்சம் தேறிச்சுன்னு எங்க பழைய கட்டடத்தோட பின்சுவரைக் காட்டி என்னால சொல்ல முடியும். வேற எவனாலயும் முடியாது, ஏன்னா இவ்வளவு நாள் வேற எவனும் அளக்கலை.

பிப்ரவரியில குழு முன்னால வந்து விளக்கம் சொல்லணுமாம். நான் சலுகை கேட்கலை. அந்த எதிர் சீட்டுக்காரர்கிட்ட, "அது பூஜ்யம் இல்லை, பார்த்துக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சொல்வியா?

தம்பி

*

ஜனவரி 20

பல்லிக்கு,

மூஞ்சியைச் சுளிக்காதே. சின்ன வயசுல சுவரையே பார்த்துக்கிட்டு நிப்பியேன்னு நான் வெச்ச பேரு. நாற்பத்தெட்டு வயசுலயும் நீ அதைக் காப்பாத்திட்டு வர்றப்போ நான் ஏன் விடணும்?

சொல்லமாட்டேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லமாட்டேன். இதே அறையில ஒருத்தர் தன் மருமகனுக்காக ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் ரிடயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு, விசாரணை இன்னும் நடந்துட்டிருக்கு. மருமகனுக்குப் பதவியும் போச்சு, அவர் செஞ்ச நல்ல ஆராய்ச்சியும் 'மாமனார் வாங்கிக் கொடுத்தது'ன்னு பேராச்சு. உன் சுவரை நாளைக்கு எவனும் 'அக்கா வாங்கிக் கொடுத்தது'ன்னு சொல்லக்கூடாது. இதை ஃபோன்ல சொல்ல வந்தேன், நீ வெச்சுட்ட.

எதிர் சீட்டுக்காரர் நீ நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. மூக்கைப் பொத்திக்கறது சைனஸ். உன் அறிக்கையை படிக்கறதுக்குன்னு அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதை நான் கண்ணால பார்த்தேன். இதைச் சொல்றதே தப்பு.

என் பாடு என்னன்னு நீ கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். அலமாரி நிறைஞ்சு போச்சுன்னு கோப்புக் கட்டை எல்லாம் பார்வையாளர் நாற்காலி மேல அடுக்கியிருக்கோம். பல்கலைக்கழகங்கள் உட்கார்ந்திருக்கு, அங்கேயிருந்து வர்ற மனுஷங்க நின்னுக்கிட்டிருக்காங்க. துணைவேந்தர் ஒருத்தர் நின்னே களைச்சு, ஜன்னல் திட்டுல சாஞ்சுட்டுப் பேசினார். எனக்கு வெட்கமா இருந்துச்சு. எழுந்து என் நாற்காலியைக் கொடுக்கலாம்னா, அதுக்கும் ஒரு பேச்சு வரும்.

மார்ச்சுக்குள்ள எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இன்ஸ்பெக்ஷன். அதுக்கு முன்னால வளாகத்தைச் சுத்தமா வைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வரும். எழுதினது நான்தான். உங்க பதிவாளர் அதை வெச்சுக்கிட்டு ஆட்டம் போடுவார், கண்டுக்காதே.

பிப்ரவரியில வரும்போது வீட்டுக்கு வா. கோபத்தைச் செருப்போட வெளியில விட்டுட்டு வா. மாமா தினமும் கேட்கறார்.

அக்கா

*

பிப்ரவரி 26

மேடம்,

தங்கள் சுற்றறிக்கை எங்கள் வளாகத்தில் முழுமையாக நிறைவேற்றப்பட்டது. தாங்கள் மகிழலாம்.

என்னால அந்த பாஷையில அதுக்கு மேல எழுத முடியலை அக்கா.

உங்க அமைச்சகத்துல நாலாவது மாடியில குழு முன்னால நின்னு, திரையில ஒவ்வொரு படமாக் காட்டி, இது ஏழாம் நம்பர் லைக்கன் திட்டு, இது பதினொண்ணாம் நம்பர் திட்டுன்னு நான் விளக்கிக்கிட்டிருந்த அதே நாள்ல இங்க அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. முதல்ல கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, அப்புறம் ஏதோ மருந்து ஊத்தி, அப்புறம் பிரைமர், அப்புறம் ரெண்டு கோட் வெள்ளை. இங்க ஒரு வேலையும் உருப்படியா முடியாது, ஒரு குழாய் மாத்த ஆறு மாசம் ஆகும். இதை மட்டும் நான் ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கச்சிதமா முடிச்சுட்டாங்க.

என்கூட வேலை செய்யற பொண்ணு குறுக்கே போய் நின்னிருக்கா. பதிவாளர் உங்க காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கார். "அனைத்துச் சுவர்களும்"னு போட்டிருக்கு பாரும்மா, நான் எதை விட்டாலும் நாளைக்கு என் தலைதான் உருளும்னிருக்கார். இவ அங்கேயே நின்னு அழுதிருக்கா. ஒவ்வொரு திட்டுப் பக்கத்துலயும் நான் அடிச்சு வெச்சிருந்த பித்தளை நம்பர் தகடு இருக்கில்ல, அதைப் பெயின்டர் ஒவ்வொண்ணாக் கழட்டி, துடைச்சு, ஒரு பையில போட்டுப் பத்திரமா வெச்சிருந்தான். "சார், ஒண்ணுகூடத் தொலையலை"ன்னு என் கையில கொடுத்தான். அவன்கிட்ட நன்றின்னு சொன்னேன். வேற என்ன சொல்லட்டும்?

ரெண்டு நாள் கழிச்சு உங்க இன்ஸ்பெக்ஷன் குழு வந்துச்சு. பின்பக்கம் பளிச்னு இருக்குன்னு அந்தச் சுவர் முன்னாலயே நின்னு குரூப் ஃபோட்டோ எடுத்துக்கிட்டாங்க. என்னையும் கூப்பிட்டு நடுவுல நிறுத்தினாங்க. நின்னேன்.

உன் மேல இருந்த கோபத்துலதான் உன் வீட்டுக்கு வரலை, அதுவும் நல்லதாப் போச்சு. வந்திருந்தா நல்லாப் பேசியிருப்பேன், சிரிச்சிருப்பேன். திரும்பி வந்து இதைப் பார்த்துட்டு, உன்கூடச் சிரிச்சதுக்காக என்னையே அடிச்சுக்கிட்டிருப்பேன்.

தம்பி

*

மார்ச் 7

தம்பி,

உன் கடிதத்தை ஆபீஸ்ல பிரிச்சேன். தப்பு பண்ணிட்டேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிச்சுட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? தலைவலின்னு சொல்லிட்டேன்.

'அனைத்து'ன்னு போட்டது நான்தான். மேலிடத்துல இருந்து வந்த வரைவுல 'முகப்புச் சுவர்கள்'னுதான் இருந்துச்சு. முகப்புன்னா எதுன்னு கேட்டு ஆளாளுக்குக் கடிதம் போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதணும், எழுத எங்க பிரிவுல ஆள் இல்லை. அதனால யாரும் திருப்பிக் கேட்க முடியாத மாதிரி எழுதினேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை. அதுல எனக்குப் பெருமையும் உண்டு. இருபத்தோரு வருஷமா நீ சுவர் சுவர்னு என் காதுல ஓதியும், அந்த வார்த்தையை எழுதின நேரத்துல உன் சுவர் எனக்கு ஞாபகம் வரலை.

அன்னைக்கு நாலாவது மாடி நடையில நீ பெஞ்சுல உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மடியில லேப்டாப், சட்டைக் காலர் மடிஞ்சு உள்ள போயிருந்துச்சு. வந்து சரி பண்ணணும்னு கை பரபரத்துச்சு. பார்த்தவங்க என்ன சொல்லுவாங்களோன்னு படிக்கட்டுப் பக்கமே நின்னுட்டேன். டீ வந்துச்சே, அது நான் அனுப்பினது. நீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்துட்டுதான் போனேன்.

மன்னிச்சுடுன்னு எழுதினா நீ கிழிச்சுப் போடுவ. அதனால எழுதலை.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

டீ நீ அனுப்பினதுன்னு எனக்கு அப்பவே தெரியும். சர்க்கரை இல்லாம எனக்கு டீ கொடுக்க அங்க வேற யாருக்குத் தெரியும்?

கோபம் இருக்கு. ஆனா அதைத் தூக்கிட்டு அலையத் தெம்பு இல்லை. இப்போ வேற தலைவலி. முடிவு வந்திருச்சு. எங்களுக்கு 'ஏ' தரம். சுத்தத்துக்கு முழு மதிப்பெண். மூணு வருஷ நிதியும் உறுதி. எதை அளக்க நிதி கேட்டேனோ அதை அழிச்சதுக்கு மார்க் கொடுத்து, அந்த மார்க்குல நிதியும் கொடுத்திருக்காங்க. துறையில எல்லாரும் வந்து கையைக் குலுக்கிட்டுப் போனாங்க. நான் சிரிச்ச சிரிப்பைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி, "உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டா.

காலாண்டு அறிக்கை கேட்டு வந்துச்சு. சுவர் போச்சுன்னு எழுதினா அடுத்த கேள்வி எப்படிப் போச்சுன்னுதான் வரும். சுற்றறிக்கைன்னா, யார் போட்டதுன்னு கேட்பாங்க. கீழே உன் கையெழுத்து. மையத் தலைவரும் அதே வீட்டு ஆள்னு கோப்புல நீயே எழுதி வெச்சிருக்க. உனக்கு இன்னும் ரெண்டே வருஷ சர்வீஸ். அந்த மருமகன் கதையை நீதானே சொன்ன?

அதனால அறிக்கையில சுவர் இருக்குன்னு எழுதிட்டேன். ஒவ்வொரு திட்டுக்கும் வளர்ச்சி போட்டு, பழைய படங்களையே இணைச்சு நேத்து அனுப்பியாச்சு. உனக்காகன்னு மட்டும் சொன்னா அது பாதிதான் உண்மை. இந்த மையத்துல என்னை நம்பி மூணு பேர் இருக்காங்க. போன வருஷம் கல்யாணம் ஆனவன் ஒருத்தன், அந்த அழுத பொண்ணு, அப்புறம் கணினி பார்த்துக்கிறவர்.

நீ ஒண்ணும் பண்ணாதே. தயவுசெஞ்சு சும்மா இரு.

தம்பி

*

ஏப்ரல் 11

பல்லிக்கு,

ஒரு மாசமா உன்கிட்ட இருந்து சத்தமே இல்லை. பரவாயில்லை. நான் செஞ்சதை நீ வேற யார் மூலமாவோ தெரிஞ்சுக்கக்கூடாதுன்னு எழுதறேன்.

உன் கோப்பை நான் தொடக்கூடாது. ஆனா சுற்றறிக்கை என் கோப்பு. அதுல இன்னைக்கு ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பிட்டேன். "இப்பிரிவின் சுற்றறிக்கையில் விதிவிலக்கு ஏதும் அளிக்கப்படாததால், நீண்டகால ஆய்வுக்குட்பட்ட சுவர் ஒன்று அழிந்துள்ளது. வரைவைத் திருத்தியவர் கீழே கையொப்பமிட்டுள்ளவர். பாதிக்கப்பட்ட மையத்தின் தலைவர் அவருடைய தம்பி." அப்படியே எழுதினேன், ஒரு சொல்லைக்கூட மெழுகலை. இத்தனை வருஷத்துல யாரும் சொல்லாம நானே என் மேல எழுதிக்கிட்ட முதல் குறிப்பு.

இனி உன்னை யார் கேட்டாலும் நீ தைரியமா உண்மையைச் சொல்லலாம். பழி உன் மேல வராது. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

அக்கா

*

ஏப்ரல் 23

தம்பி,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. நீ 'சும்மா இரு'ன்னு எழுதினதை நான் படிக்கறதுக்குள்ள என் குறிப்பு மேல போய்ச் சேர்ந்திருச்சு.

இணைச் செயலாளர் கூப்பிட்டார். மேஜை மேல ஒரு பக்கம் என் குறிப்பு, இன்னொரு பக்கம் உன் அறிக்கை. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சொன்னார்: "உங்க தம்பி சுவர் நல்லா இருக்குங்கறார், நீங்க சுவரே இல்லைங்கறீங்க. வீட்டுல பேசிக்கிட்டு ஒரே பதிலா வந்திருக்கலாமே மேடம்." அறையில இருந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் நின்னுக்கிட்டிருந்தேன். அங்கேயும் நாற்காலி மேல கோப்புதான்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. களைச்சுப்போன மனுஷன். "குறிப்பைத் திரும்ப எடுத்துக்கோங்க. மையம் பாட்டுக்கு ஓடட்டும், நீங்களும் நிம்மதியா ரிடயர் ஆகுங்க"ன்னார். யோசிக்க நேரம் கேட்டுட்டு வந்தேன்.

உன் அறிக்கையை அங்கேயே நின்னு படிச்சேன். 0.4, 0.5, 0.4. ரொம்ப நல்லாப் பொய் சொல்லியிருக்கடா. ஒரு எண்ணைப் பார்த்துக்கூட யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு அளவு சந்தேகமா இருந்தா திரும்ப ஏணி போட்டு ஏறி அளக்கறவன் நீ. எனக்காக எழுதியிருக்க. பஸ்ல வரும்போது அழுகையை அடக்க முடியலை, பக்கத்துல உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா இறங்கற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க.

நான் குறிப்பைத் திரும்ப எடுக்கமாட்டேன். எடுத்தா அப்படி ஒரு சுவர் அழிஞ்சதுங்கறதே எங்கேயும் இல்லாமப் போயிடும். ஆனா உன் அறிக்கை பொய்னு நான் சொல்லவும் மாட்டேன், என் வாயால வராது. அது நீ சொல்ல வேண்டியது. சொன்னா மையம் போயிடும், அந்த மூணு பேரும் போயிடுவாங்க, உன் பேரும் கொஞ்ச நாள் நாறும். சொல்லலைன்னா என் குறிப்பை எங்கேயாவது கிடப்புல போட்டுடுவாங்க, இன்னும் மூணு வருஷம் இல்லாத சுவரை நீ அளந்துக்கிட்டிருக்கணும். எது உன்னால முடியுமோ அதைப் பண்ணு. எதைப் பண்ணினாலும் உன்மேல எனக்குக் கோபம் வராது.

அக்கா

*

மே 6

அக்கா,

அறிக்கையைத் திரும்ப வாங்கிட்டேன். "இணைக்கப்பட்ட அளவுகள் யாவும் என் கற்பனை. சுவர் பிப்ரவரியில் அழிக்கப்பட்டது"ன்னு ரெண்டே வரி.

பெரிய தியாகம்னு நினைச்சுக்காதே. உன் கடிதம் வந்ததும் அறிக்கையோட நகலை எடுத்துப் படிச்சேன். பதினாலாம் நம்பர் திட்டுக்கு 0.5 போட்டிருக்கேன். அது மூணு வருஷம் முன்னாடியே செத்துப்போச்சு அக்கா. செத்த அன்னைக்கு நான் சரியாச் சாப்பிடலைன்னு வீட்டுல சண்டை நடந்துச்சு, உனக்குக்கூட ஃபோன் பண்ணிச் சொன்னேன். அதை மறந்துட்டு அதுக்கும் வளர்ச்சி போட்டிருக்கேன். ஒரே ஒரு அறிக்கை எழுதினதுக்கே இப்படி. மூணு வருஷம் எழுதினா எது நான் பார்த்தது, எது நான் இட்டுக்கட்டினதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும். பழைய இருபத்தோரு வருஷ அளவுகள்தான் இனி எனக்கு மிச்சம். அதையும் கெடுத்துக்க எனக்கு மனசு வரலை.

கல்யாணம் ஆனவனுக்குத் தாவரவியல் துறையில தற்காலிக இடம் கேட்டு வாங்கிட்டேன். கணினிக்காரர் எப்படியாவது பிழைச்சுக்குவார். அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "நீங்க அந்த அறிக்கையை அனுப்பினதுல இருந்து உங்க முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை சார்"னு சொல்லிட்டு, தன் சாமானைக் கட்டப் போயிட்டா. அதைக் கேட்டு மனசு கொஞ்சம் லேசாச்சு.

தம்பி

*

ஆகஸ்ட் 14

அக்கா,

உன்னை மாத்திட்டாங்கன்னு மாமா சொன்னார். விருந்தினர் மாளிகையில யாருக்கு எந்த அறைன்னு ஒதுக்கற சீட்டாமே! "உங்க அக்கா அதையும் விதிப்படிதான் பண்ணுவா, அமைச்சரே வந்தாலும் வரிசையில நிக்கணும்"னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. என்னாலன்னு நினைக்காம இருக்க முயற்சி பண்றேன்.

மையத்தை மூடிட்டாங்க. அடுத்த மூணு வருஷத்துக்கு நான் நிதி எதுவும் கேட்கக்கூடாது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கறேன். காலையில முதல் மணி, மதியம் கடைசி மணி. நடுவுல ஆசிரியர் அறையில உட்கார்ந்திருப்பேன். என் மேஜை ஜன்னலைத் திறந்தா அந்தச் சுவர்தான் தெரியுது, அதனால ஜன்னலைத் திறக்கறதில்லை.

நேத்து திருத்தின சுற்றறிக்கை வந்துச்சு. நீ அந்தச் சீட்டை விட்டுப் போறதுக்கு முன்னால எழுதிக் கொடுத்ததுன்னு எதிர் சீட்டுக்காரர் தனியா ஒரு வரி எழுதியிருந்தார். "ஆய்வுக்குட்பட்ட சுவர்கள் எக்காரணம் கொண்டும் தொடப்படலாகாது." கையெழுத்து வேற யாரோடதோ, ஆனா வாக்கியம் உன்னோடது. யாரும் திருப்பிக் கேட்க முடியாத மாதிரி எழுதியிருக்க.

பதிவாளர் உடனே எல்லாத் துறைக்கும் ஒரு படிவம் அனுப்பிட்டார். உங்கள் துறையில் ஆய்வுக்குட்பட்ட சுவர் உண்டா? உண்டு, இல்லை, ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணி மாலைக்குள்ள கொடுக்கணும். மத்த துறைக்காரங்க எல்லாம் இது என்னடா கூத்துன்னு சிரிச்சுக்கிட்டே 'இல்லை'ன்னு போட்டுக் கொடுத்துட்டாங்க. எங்க துறைத் தலைவர் படிக்கக்கூட இல்லை. "சுவர் சமாச்சாரம் உங்க இலாகாதானே"ன்னு என் மேஜையில வெச்சுட்டுப் போயிட்டார்.

நாடு முழுக்கப் போயிருக்கிற அந்த விதி என் சுவருக்காக எழுதினது. அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிவத்தை முழுசாப் படிச்சேன். அப்புறம் 'இல்லை'ங்கறதுல டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு ரொம்ப அசதியா இருக்கு அக்கா. லீவு எழுதிக் கொடுத்திருக்கேன். உன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தூங்கட்டுமா? ஒண்ணும் பேச வேண்டாம். நீ ஆபீஸ் போ, நான் பாட்டுக்குத் தூங்கறேன். சாயங்காலம் வந்து எழுப்பினாப் போதும்.

தம்பி